படத்தில் பெயரை எங்கே வைப்பது? லாடெக் வரைபடங்களில் லேபிள் வைக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

புதுச்சேரியில் ஆய்வேடு எழுதும் மாணவர்களும் கடலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்களும் லாடெக் (கட்டளைகளை எழுதி ஆவணங்களை அச்சுக்கு அமைக்கும் மென்பொருள்) படங்களைப் பற்றிக் கேட்கும் கேள்விகளில் பெரும்பகுதி, கோடுகளையோ வளைவுகளையோ பற்றியதாக இருப்பதில்லை. "படம் வந்துவிட்டது, பெயர்கள்தாம் ஒழுங்காக நிற்க மாட்டேன் என்கின்றன" என்பதுதான் வழக்கமான புலம்பல். முக்கோணத்தின் உச்சிப் பெயர் கோட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். அம்புக்குறிக்கு மேலே இருக்க வேண்டிய 'நீராவி' கீழே தொங்கும். படத்தைச் சிறிதாக்கினால் எல்லாப் பெயர்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஐந்தாறு வழிகள் இருப்பதுதான் சிக்கல். கையேட்டைத் திறந்தால் ஒவ்வொன்றும் ஓர் அத்தியாயமாக விரிகிறது. லாடெக்குக்குள்ளேயே கட்டளைகளால் படம் வரைய டில் டான்டாவ் உருவாக்கிய டிக்ஸ் தொகுப்பின் கையேடு ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. அதில் எதை எடுப்பது, எதை விடுவது என்று அது பெரும்பாலும் சொல்வதில்லை. இங்கே முதன்மையாக டிக்ஸை வைத்தே பேசுகிறேன், படம் வரையும் வேறு இரு கருவிகளான மெட்டாபோஸ்ட்டும் அசிம்டோட்டும் கடைசியில் வரும். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டிக்ஸ் கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தவர்களுக்கு அடையாளம் தெரியும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல்: படம் மாறினால் பெயர் கூடவே வருமா? மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே நான் அதிக எடை தருவேன். ஒரு படம் அச்சுக்குப் போவதற்குள் பலமுறை மாறும். வழிகாட்டி "கோணத்தைக் கொஞ்சம் விரித்துப் போடுங்கள்" என்பார். மதிப்பீட்டாளர் இன்னொரு பெட்டி கேட்பார். அப்போது கோடுகளைத் திருத்துவது ஒரு வேலை, கோடுகளை விட்டுவிட்டு நிற்கும் பெயர்களைத் தேடிப்பிடித்து நகர்த்துவது இன்னொரு வேலை.

இரண்டாவது, அளவு மாறும்போது எழுத்து என்ன ஆகும் என்பது. ஆய்வேட்டில் பக்க அகலத்துக்கு வரைந்த படம், ஆய்விதழில் பாதி அகல நெடுவரிசைக்குள் அடங்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, தமிழ் எழுத்து. கையேடுகளின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ரோமன் எழுத்தை வைத்துப் போட்டவை. நாமோ 'பழுப்பு நிலக்கரி' என்று எழுத வேண்டியவர்கள். நீளமும் கூடுதல், மேலே கொக்கியும் கீழே வாலும் கூடுதல்.

நான்காவது, அடுத்தவர் திருத்த முடியுமா? வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைத்துத் தரும் நிறுவனங்கள் புதுச்சேரியில் பல உண்டு. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். உங்கள் கோப்பைத் திறந்து திருத்தப்போகிறவர் உங்கள் கட்டுரையைப் படித்தவராக இருக்க மாட்டார். பெயரை ஏன் அங்கே வைத்தீர்கள் என்பது கோப்பைப் பார்த்தாலே தெரிய வேண்டும்.

வேகத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. முதல் முறை பெயர் வைக்க எந்த வழியும் பெரிதாக நேரம் எடுப்பதில்லை. நேரத்தைத் தின்பது திருத்தம்தான்.

பொறுமை இல்லாதவர்களுக்கு முடிவை முன்பே தந்துவிடுகிறேன்.

| வழி | படம் மாறினால் | அளவு மாறினால் | தமிழில் சிக்கல் | எங்கே எடுக்கலாம் |
|---|---|---|---|---|
| கையால் ஆயத்தொலைவு | பெயர் பின்தங்கும் | இடைவெளி சுருங்கி மோதும் | தனியாக எதுவும் இல்லை | இனி மாறவே மாறாத படம் |
| திசை சொல்லுதல் | கூடவே வரும் | இடைவெளி அப்படியே | உயர வேறுபாடு | வடிவியல், அச்சுப் புள்ளிகள் |
| பெட்டிக்குப் பெட்டி | கூடவே வரும் | இடம் போதாமல் போகலாம் | நீளமான சொற்கள் | பாய்வுப்படம், கட்டப்படம் |
| கோட்டின் மேல் | கூடவே வரும் | குட்டைக் கோட்டில் மோதும் | வளைவில் எழுத்து சிதறும் | அம்புக்குறி, வீதி, ஆறு |
| வெளியே இழுத்தல் | பாதி வரும் | இடம் கூடுதலாக வேண்டும் | இல்லை | உறுப்புப் படம், நெரிசலான படம் |
| வெளியில் வரைந்த படத்தின் மேல் | வராது | விகிதப்படி வரும் | இல்லை | ஒளிப்படம், வருடிய படம் |

## கையால் ஆயத்தொலைவு கொடுப்பது

எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். 2.3 கமா 1.7 என்ற இடத்தில் எழுத்தை வை. பார்த்து, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி 2.2 ஆக்கு. கண்ணுக்குச் சரியாகும்வரை தள்ளிக்கொண்டே இருக்கலாம்.

மறைந்திருக்கும் செலவு படத்தைச் சுருக்கும்போது தெரியும். டிக்ஸில் 'ஸ்கேல்' கொடுத்தால் ஆயத்தொலைவுகள் சுருங்கும், எழுத்து சுருங்காது. புள்ளியிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி வைத்த பெயர், பாதியாகச் சுருக்கியதும் 1.5 மில்லிமீட்டருக்கு வந்துவிடும். எழுத்தோ பழைய பருமனிலேயே இருக்கும். விளைவு, பெயர் கோட்டில் முட்டும். 'டிரான்ஸ்ஃபார்ம் ஷேப்' சேர்த்தால் எழுத்தும் சுருங்கும், 'ரீசைஸ்பாக்ஸ்' போட்டால் எல்லாமே சுருங்கும். இரண்டிலும் கிடைப்பது, கட்டுரையின் உடலில் 11 புள்ளி (பாயின்ட் என்னும் அச்சு அளவு) எழுத்தும் படத்தில் எறும்பளவு எழுத்தும் கொண்ட பக்கம். பருமன் எல்லாப் படங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஆய்விதழ்கள் கேட்பது இதனால்தான்.

இந்த வழியை நான் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. நாளைய தேர்வுக்கு இன்றிரவு வரையும் வினாத்தாள் படத்துக்கு இதுவே போதும். அது அச்சானதும் அந்தக் கோப்பை யாரும் திறக்கப்போவதில்லை.

## திசை சொல்லி வைப்பது

ஒரு புள்ளிக்குப் பெயர் வைக்க வேண்டுமானால், இடத்தைச் சொல்லாமல் பக்கத்தைச் சொல்லுங்கள்: 'அபவ்', 'பிலோ', 'லெஃப்ட்', 'அபவ் ரைட்'. புள்ளி எங்கே போனாலும் பெயர் அதன் மேலேயோ பக்கத்திலோ ஒட்டிக்கொண்டு போகும். இடைவெளி எழுத்தின் பருமனோடு கட்டப்பட்டிருப்பதால் 'ஸ்கேல்' மாறினாலும் மாறாது.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒவ்வொரு பெயரையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி சூழ்ந்திருக்கிறது (டிக்ஸில் இதற்கு 'நோடு' என்று பெயர்). பெட்டிக்கு நான்கு திசைகளிலும் மூலைகளிலும் 'ஆங்கர்' உண்டு. 'அபவ்' என்றால், பெட்டியின் தெற்கு விளிம்பைப் புள்ளியில் பொருத்து என்று பொருள். அதனால்தான் 'ஆங்கர்=நார்த்' என்று எழுதினால் பெயர் புள்ளிக்குக் கீழே போகிறது. வடக்கு என்றதும் மேலே வரும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் வடக்கு என்பது புள்ளிக்கு வடக்கு அன்று, பெட்டியின் வடக்கு. இரண்டையும் ஒரே கோப்பில் கலந்து எழுதினால் திருத்துகிறவர் திணறுவார். பெயர்களுக்கு 'அபவ்' வகையை மட்டும் எடுத்துக்கொண்டு, 'ஆங்கரை' வேறு வழியே இல்லாத இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே 'இன்னர் செப்' என்ற இடைவெளி இருக்கிறது. தானாக அமையும் அளவு 0.3333 எம் (எம் என்பது எழுத்தின் பருமனைப் பொறுத்த அளவு). 'அபவ்=5 புள்ளி' என்று எழுதினால் இந்த அளவோடு 5 புள்ளி கூடும், 5 புள்ளி மட்டும் வராது. மூலைத் திசைகளில் இது இன்னும் உறுத்தும். 'அபவ் ரைட்' என்றால் பெட்டியின் தென்மேற்கு மூலை புள்ளியில் உட்காரும். இரு பக்கத்து இடைவெளியும் சேர்ந்து பெயர் சாய்வாக விலகி நிற்கும். நேர் மேலே உள்ள பெயர் நெருக்கமாகவும் மூலையில் உள்ளது தூரமாகவும் தெரிவது இதனால்தான். ஒற்றை எழுத்துப் பெயர்களுக்கு 'இன்னர் செப்'பை 1 அல்லது 2 புள்ளியாகக் குறையுங்கள், அல்லது பெட்டியை வட்டமாக்குங்கள். வட்டத்துக்கு மூலை இல்லை.

முக்கோணம், நாற்கரம், வட்டத்தின் மேல் புள்ளிகள் என்று வடிவியல் படம் போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல உத்தி ஒன்று உண்டு. ஏ, பி, சி என்ற உச்சிகள் எங்கே போகும் என்று தெரியாதபோது 'அபவ்', 'பிலோ' என்று முன்கூட்டிச் சொல்வதில் பொருளில்லை. முக்கோணத்தைத் திருப்பினால் 'அபவ்' என்று வைத்த பெயர் உள்ளே போய்விடும். சுற்றுவட்ட மையத்தை ஓ என்று வைத்துக்கொண்டு, 'கால்க்' நூலகத்தின் உதவியால், ஓ-விலிருந்து ஏ-யை நோக்கி 1.15 மடங்கு தூரத்தில் பெயரை வைக்கச் சொல்லுங்கள். பிறகு முக்கோணத்தை எப்படித் திருப்பினாலும் பெயர் வட்டத்துக்கு வெளியேதான் நிற்கும். இதற்கும் ஒரு விலை உண்டு: மடங்கு என்பதால் பெரிய படத்தில் இடைவெளி பெரிதாகும், சிறியதில் சுருங்கும். மடங்குக்குப் பதிலாக, ஏ-யிலிருந்து வெளிப்பக்கமாக இத்தனை புள்ளி என்று நிலையான தூரம் சொல்லவும் 'கால்க்' இடம் தருகிறது. தேற்றங்களுக்குப் படம் போடும் ஆசிரியர்கள் இந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டால்கூடப் போதும்.

எந்தத் திசை நல்லது என்பதற்கு நிலப்படக்காரர்களிடம் பழைய மரபு இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் நிலப்படவியலாளர் எடுவார்ட் இம்ஹோஃப் வகுத்த நெறிகளில், ஊர்ப்பெயருக்கு வலப்பக்கம், சற்று மேலே என்பது முதல் தெரிவு. கடலோர ஊரின் பெயரைக் கடல் பக்கமாக எழுத வேண்டும் என்பது இன்னொரு நெறி. நமக்கு இது வசதி. கடலூர், புதுச்சேரி இரண்டுக்கும் கிழக்கே வங்கக் கடல் வெறுமையாகக் கிடக்கிறது; 'ரைட்' போட்டுவிட்டால் நிலப்பக்கத்துச் சாலைகளோடும் ஆறுகளோடும் பெயர் மோதாது. பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இந்தச் சலுகை கிடையாது.

## தமிழ் எழுத்தின் உயரம்

திசை சொல்லி வைக்கும்போது தமிழில் மட்டும் தலைகாட்டும் சிக்கல் இது. கையேடுகளில் தேடினால் நேரடியாக அகப்படாது.

மழையளவு வரைபடத்தின் கிடை அச்சில் தமிழ் மாதங்களை எழுதுங்கள். பெயர்கள் அச்சுக்குக் கீழே, அதாவது பெட்டியின் மேல் விளிம்பு அச்சைத் தொடும்படி நிற்கும். 'தை'யில் மேலே எழும் குறி எதுவும் இல்லை. 'ஆடி'யில் இகரக் கொக்கி எழுகிறது. 'கார்த்திகை'யில் புள்ளியும் கொக்கியும் உண்டு. பெட்டிகள் மேல் விளிம்பில் சமமாக நிற்பதால், உள்ளே எழுத்துகள் சமமாக நிற்பதில்லை. 'தை' மேலே ஏறியும் 'கார்த்திகை' கீழே இறங்கியும், வரிசை ஆடிப்போன பல் போலத் தெரியும். பெயர்களை அச்சுக்கு மேலே வைத்தால் உகர, ஊகார வால்கள் இதே வேலையைச் செய்யும்.

தீர்வு இரண்டு. ஒன்று, 'டெக்ஸ்ட் ஹைட்', 'டெக்ஸ்ட் டெப்த்' இரண்டையும் எல்லாப் பெயர்களுக்கும் ஒரே அளவாகக் கொடுத்துவிடுவது. எழுத்துரு மாறினால் அளவையும் மாற்ற வேண்டும் என்பது இதன் குறை. மற்றது, ஒவ்வொரு பெயரோடும் 'விஃபாண்டம்' கட்டளையில் 'கீழூ' போன்ற ஒரு சரத்தைச் சேர்ப்பது. அது அச்சில் தெரியாது, ஆனால் உயரத்தையும் ஆழத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். எழுத்துரு மாறினாலும் அதற்கேற்பத் தானாக மாறும். எனக்கு இரண்டாவதே பிடிக்கும். பெயர்களின் எழுத்துருவைச் சொல்லும் 'நோடு ஃபான்ட்' கொடுக்கும் அதே பாணியில் ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொரு பெயரிலும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

தமிழ் யூனிகோடு எழுத்துரு வேண்டுமானால் லாடெக்கின் புதிய வடிவங்களான ஸீலாடெக் அல்லது லுவாலாடெக் தேவை. லுவாலாடெக்கில் எழுத்துருவை அழைக்கும்போது 'ரெண்டரர்=ஹார்ஃப்பஸ்' என்று சேர்க்க மறக்காதீர்கள். எகரக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பதாக வரும் புகார்களில் பலவற்றுக்கு இந்த ஒரு சொல்லே மருந்து.

## பெட்டிக்குப் பெட்டி

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி மின்சாரமாவதைக் கட்டப்படமாக வரைகிறீர்கள்: சுரங்கம், நொறுக்கி, கொதிகலன், சுழலி, மின்னாக்கி. இங்கே ஒவ்வொரு பெட்டிக்கும் ஆயத்தொலைவு கொடுப்பது வீண் வேலை. 'பொசிஷனிங்' நூலகத்தை அழைத்து, கொதிகலனுக்கு வலப்பக்கம் சுழலி என்று சொல்லிவிட வேண்டியதுதான். நடுவில் இன்னொரு பெட்டி செருகினால் ஒரு வரியை மாற்றினால் போதும், மற்றவை தாமாக நகரும்.

ஒரு குறியின் இடம் மட்டும் மாறுவதால் விளையும் குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். 'ரைட் ஆஃப்=கொதிகலன்' என்பது பழைய முறை. 'ரைட்=ஆஃப் கொதிகலன்' என்பது புதியது. சமக்குறி நகர்ந்ததைத் தவிர வேறு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. பழைய முறை மையத்திலிருந்து மையத்துக்கு அளக்கிறது. புதியது விளிம்பிலிருந்து விளிம்புக்கு. 'ஏ', 'பி' என்று ஓரெழுத்துப் பெட்டிகள் போடும்வரை பழையதும் பிழையில்லாமல் ஓடும். 'பழுப்பு நிலக்கரிச் சுரங்கம்' என்று எழுதிய பெட்டியின் பக்கத்தில் மையத்துக்கு மையம் 1 சென்டிமீட்டர் என்றால் அடுத்த பெட்டி இதன் வயிற்றுக்குள்ளேயே வந்து விழும். பழையதைக் கைவிடும்படி கையேடே சொல்கிறது. ஆனாலும் இணையத்தில் எடுத்து ஒட்டும் பழைய கோப்புகளில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

நீளமான சொற்களுக்கு 'டெக்ஸ்ட் வித்' கொடுத்து நடுவில் ஒழுங்குபடுத்துங்கள். தமிழில் சொல் எங்கே உடைய வேண்டும் என்பதை நீங்களே வரி பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது. 'நிலக்கரிச்' என்பது ஒரு வரியிலும் 'சுரங்கம்' அடுத்த வரியிலும் வந்தால் படிக்க முடிகிறது. பெட்டியின் குறைந்தபட்ச உயரத்தையும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக வைத்துவிட்டால் சுழலி மட்டும் குள்ளமாக நிற்காது.

இந்த வழி தோற்கும் இடமும் உண்டு. படம் ஒரு சங்கிலியாகப் போகாமல், பெயர்களின் இடம் உண்மையான தூரத்தைக் காட்ட வேண்டும் என்றால் இது உதவாது. நிலப்படத்தில் கடலூரைப் 'புதுச்சேரிக்குக் கீழே' என்று வைப்பது கட்டப்படத்துக்குச் சரி, நிலப்படத்துக்குத் தவறு.

## கோட்டின் மேலேயே

பெட்டிகளுக்கு நடுவே ஓடும் அம்புக்குறிக்கு 'நீராவி' என்று பெயரிட வேண்டும். கோட்டை வரையும் கட்டளைக்குள்ளேயே பெயரைச் செருகி 'மிட்வே' என்று சொன்னால் சரிநடுவில் நிற்கும். 'நியர் ஸ்டார்ட்' என்றால் கால் பங்கு தூரத்தில், 'நியர் எண்ட்' என்றால் முக்கால் பங்கில். கோடு எப்படி நகர்ந்தாலும் பெயர் அந்தப் பங்கிலேயே இருக்கும். அம்புக்குறிகளுக்கு இதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை.

எந்தப் பக்கம் என்பதற்கு 'ஆட்டோ' உண்டு. இது பலரைக் குழப்புவதால் ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்து, பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் சாய்த்துவிட்டுப் போன தானே புயலின் பாதையை வரைகிறீர்கள். வங்கக் கடலில் தொடங்கி மேற்கே வரும் வளைவரையில் 28, 29, 30 என்று தேதிகளைக் குறிக்க வேண்டும். 'ஆட்டோ' பெயரைப் பாதையின் இடக்கைப் பக்கம் வைக்கும், பயணத்தின் திசையில் நடந்து போகிறவரின் இடக்கை. மேற்கு நோக்கி நடப்பவருக்கு இடக்கை தெற்கு. எனவே தேதிகள் கோட்டுக்குக் கீழே வரும். அதே வளைவரையைக் கரையிலிருந்து கடலை நோக்கி எழுதியிருந்தால் தேதிகள் மேலே போயிருக்கும். பக்கம் மாற்ற 'ஸ்வாப்' போதும். ஒரே படத்தில் சில கோடுகளை இடமிருந்து வலமாகவும் சிலவற்றை வலமிருந்து இடமாகவும் எழுதினால், பெயர்கள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நிற்பது இதனால்தான். எல்லாக் கோடுகளையும் ஒரே போக்கில் எழுதிப் பழகுங்கள்.

வீதிகளுக்கு 'ஸ்லோப்ட்' வேண்டும். எழுத்து கோட்டின் சாய்வுக்கேற்பத் திரும்பும். புதுச்சேரி நகரத்தின் பழைய பகுதி இதற்குப் படைத்தது போல இருக்கிறது: குறுக்கும் நெடுக்குமாக நேர்க்கோட்டு வீதிகள், நடுவே பெரிய வாய்க்கால். கிழக்கு மேற்காக ஓடும் நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் தனிக் கவனம் தேவையில்லை. மிஷன் வீதி, காந்தி வீதி போன்ற வடக்கு தெற்கு வீதிகளில்தான் விழிப்பு வேண்டும். தலைகீழான எழுத்தை டிக்ஸ் தானே நிமிர்த்திவிடும், ஆனால் நேர்செங்குத்தான கோட்டில் எது தலைகீழ் என்று சொல்ல அதற்கு வழியில்லை. கோடு போகும் போக்கிலேயே எழுத்தும் ஓடும். தெற்கிலிருந்து தொடங்கினால் கீழிருந்து மேலாக, வடக்கிலிருந்து தொடங்கினால் மேலிருந்து கீழாக. எல்லா வீதிகளையும் தெற்கிலிருந்தே எழுதிவிட்டால் வாசகர் தலையை ஒரே பக்கம் சாய்த்துப் படிக்கலாம்.

வளைந்து ஓடும் ஆற்றின் பெயரை ஆற்றோடே வளைத்து எழுத 'டெக்ஸ்ட் அலாங் பாத்' இருக்கிறது. தமிழுக்கு இது பொல்லாதது. அது பெயரைக் குறியீடு குறியீடாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருப்பி வைக்கும். 'கெடிலம்' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ஏழு குறியீடு: ககரம், எகரக் கொம்பு, டகரம், இகரக் கொக்கி, லகரம், மகரம், புள்ளி. கொம்பு தனியாகவும் ககரம் தனியாகவும் கழன்று, வெற்றுப் புள்ளிவட்டங்கள் ஆற்றங்கரை எங்கும் சிதறும். நெளிவு அடைப்புக்குள் உள்ளதை அது ஒரே எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்பதால், கெ, டி, ல, ம் என்று ஒவ்வோர் எழுத்தையும் தனி அடைப்புக்குள் இடுங்கள். ஓரிரு ஆறுகளுக்கு இந்த உழைப்பு தாங்கும். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு என்று மாவட்டத்தின் ஆறுகள் எல்லாவற்றையும் போடும்போது, வளைவைத் துறந்து 'ஸ்லோப்ட்' போதும் என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

பெயர் கோட்டின் மேலேயே படிய வேண்டியிருந்தால் 'ஃபில்=வொயிட்' கொடுத்துப் பின்னால் வெள்ளை அடிப்பது வழக்கம். வெள்ளைத் தாளில் சரி. வண்ணம் பூசிய பகுதியிலும் கோடிட்ட நிழலிலும் அது ஒட்டுப்போட்ட சட்டை. அங்கே எழுத்தின் ஓரத்தை மட்டும் வெள்ளையாக்கும் 'கான்டூர்' தொகுப்பு மேல்.

## வெளியே இழுத்து வைப்பது

கண்ணின் குறுக்குவெட்டு, பூவின் பாகங்கள், பம்பின் உள்ளமைப்பு. இவற்றில் பெயர் வைக்க உள்ளே இடமே இருக்காது. 'பின்' கட்டளை பெயரை வெளியே தள்ளி, உறுப்புவரை ஒரு மெல்லிய கோடும் இழுத்துத் தரும். தானாக அமையும் தூரம் 3 எக்ஸ் (சிறிய x எழுத்தின் உயரத்தைப் போல மூன்று மடங்கு); பெரும்பாலும் போதாது. உறுப்பு நகர்ந்தால் பெயரும் நகரும் என்பது வசதிதான். ஆனால் பாடநூல்களில் பார்ப்பதுபோல எல்லாப் பெயர்களும் வலப்பக்கம் ஒரே செங்குத்து வரிசையில் நிற்க வேண்டும் என்றால் 'பின்' பயன்படாது. பெயர்களை முதலில் ஒரு வரிசையில் அடுக்கி, அங்கிருந்து உறுப்புக்குக் கோடு இழுப்பதே சரி.

வளைவரைகளுக்கு மூலையில் விளக்கப்பெட்டி வைப்பதும் வெளியே இழுப்பதில் ஒரு வகை. எனக்கு அதில் உடன்பாடு குறைவு. சிவப்புக் கோடு இது, நீலக் கோடு அது என்று பெட்டியில் எழுதி வைத்தால், கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையைத் தாண்டியதும் எல்லாக் கோடும் சாம்பல் நிறம். கோடுகள் மூன்று நான்குதான் என்றால் ஒவ்வொன்றின் முடிவிலும் 'போஸ்=1' கொடுத்து வலப்பக்கம் பெயரை எழுதிவிடுங்கள். கோடுகள் முடிவில் ஒன்றோடொன்று நெருங்கினால் மட்டுமே விளக்கப்பெட்டி.

## வெளியில் வரைந்த படத்தின் மேல்

ஒளிப்படத்தையோ வருடிய பழைய நிலப்படத்தையோ டிக்ஸில் திரும்ப வரைய முடியாது. 'ஓவர்பிக்' தொகுப்பு படத்தின் மேல் எழுத இடம் தரும். அதன் 'கிரிட்' விருப்பம் கட்டம் போட்டுக் காட்டுவதால் எண்ணைப் பார்த்து வைக்கலாம். டிக்ஸிலேயே வேண்டுமானால் படத்தை ஒரு நோடாக வைத்து, அதன் அகலத்தையும் உயரத்தையும் 0 முதல் 1 வரை எனக் கொள்ளுங்கள். படத்தைப் பெரிதாக்கினாலும் பெயர் தன் விகித இடத்திலேயே நிற்கும். படத்தை வேறு கோணத்தில் எடுத்து மாற்றினால் எல்லாம் மறுபடி கைவேலைதான்.

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைகிறவர்கள் எழுத்தை மட்டும் லாடெக்கிடம் விட்டுவிட்டுச் சேமிக்கும் விருப்பம் உண்டு. எழுத்துரு உடலோடு ஒத்துப்போகும். ஆனால் அங்கே திரையில் பார்த்த சொல்லின் அகலமும் லாடெக் போடும் அகலமும் ஒன்றாக இருக்காது. இடப்பக்கம் ஒழுங்கு செய்த தமிழ்ச் சொல் வலப்பக்கம் நீண்டு எதிலாவது இடிக்கும். இங்க்ஸ்கேப்பிலேயே எழுத்தை நடு ஒழுங்குக்கு மாற்றிவிட்டால் நீட்சி இரு பக்கமும் பங்கிடப்படும்.

## டிக்ஸா, மெட்டாபோஸ்ட்டா, அசிம்டோட்டா

மேலே சொன்ன வழிகள் மூன்று கருவிகளிலும் வெவ்வேறு உருவில் இருக்கின்றன. டொனால்டு நூத் எழுத்துரு வடிவமைக்க எழுதிய மெட்டாஃபான்ட்டை அடியொற்றி ஜான் ஹாபி உருவாக்கியது மெட்டாபோஸ்ட். அதில் 'லேபிள்' கட்டளைக்கு எட்டுத் திசைகள்; இடைவெளி 3 பெரிய புள்ளி, ஒரே மாறியில் மாற்றலாம். கணித அமைப்பை சமன்பாடாகச் சொல்லப் பழகியவர்களுக்கு அது இன்பம். தமிழ் எழுத வேண்டுமானால் தனி மெட்டாபோஸ்ட் நிரலை நம்ப வேண்டாம். லுவாலாடெக்குக்குள் 'லுவாஎம்பிலிப்' வழியாக ஓட்டினால் உடலின் தமிழ் எழுத்துருவே பெயர்களுக்கும் வரும்.

அசிம்டோட் திசையை எட்டாக அடக்குவதில்லை. எந்தக் கோணத்தையும் திசையாகத் தரலாம். மையத்திலிருந்து உச்சிக்கான திசையையே நேராகக் கொடுத்துவிடலாம் என்பதால், டிக்ஸில் 'கால்க்' கொண்டு செய்த வேலை இங்கே ஒரு சொல்லில் முடியும். இன்னொரு பெரிய வசதி, படத்தின் இறுதி அகலம் 8 சென்டிமீட்டர் என்று சொன்னால், சுருங்காத எழுத்துகளுக்கு வேண்டிய இடத்தையும் கணக்கிட்டுக் கோடுகளை அதற்குள் பொருத்தும். இரண்டாவது அளவுகோலில் அதற்கே முதலிடம். முப்பரிமாணப் படங்களிலும் அதுவே முந்தும். விலை, அது தனி நிரல். லாடெக்கை ஓட்டி, அசிம்டோட்டை ஓட்டி, மறுபடி லாடெக்கை ஓட்ட வேண்டும். தமிழுக்கு அதன் அமைப்பில் 'டெக்' என்ற இடத்தில் ஸீலாடெக் என்று குறிக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் டிக்ஸையே சொல்வேன். திருத்தப்போகும் அடுத்தவருக்கு அது தெரிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். முப்பரிமாணப் பரப்புகளும் இறுகிய நெடுவரிசை அகலங்களும் அன்றாட வேலையாக உள்ளவர்கள் அசிம்டோட்டுக்குப் போகட்டும். மெட்டாபோஸ்ட்டில் ஏற்கெனவே படங்கள் குவித்து வைத்திருப்பவர்கள் அவற்றை மாற்றி எழுத வேண்டியதில்லை.

எதில் வரைந்தாலும், ஆய்விதழுக்குப் படத்தைத் தனிப் பிடிஎஃப் கோப்பாக அனுப்பும்போது கோப்பில் உள்ள எழுத்துருக்களைப் பட்டியலிடும் 'பிடிஎஃப்ஃபான்ட்ஸ்' கட்டளையை ஒருமுறை ஓட்டி, தமிழ் எழுத்துருவின் வரியில் உட்பொதிந்ததா என்ற பத்தியில் 'யெஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். 'நோ' என்றிருந்தால், பார்த்துப் பார்த்து வைத்த பெயர்கள் எதிர்முனைக் கணினியில் வேறு எழுத்துருவில், வேறு அகலத்தில் திறக்கும்.